இடப்பக்கம் ஓரடி

மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு. இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில், பிஸ்லியில், ஸ்டிக்கிள்டவுன் துப்பாக்கி சுடும் திடலின் 1000 கெஜக் கோட்டில் குப்புறப் படுத்திருக்கிறேன். வெப்பம் 6 டிகிரி. கொடிகள் கம்பத்தோடு ஒட்டிக் கிடக்கின்றன. அவ்வப்போது ஒன்றிரண்டு மட்டும் சோம்பல் முறிக்கின்றன. போன செப்டம்பரில் இதே இடத்தில் இதே தோட்டாவுக்கு நோட்டில் எழுதி வைத்திருந்த கணக்கை எடுத்தேன். குளிருக்காக ஒன்றரை மினிட் சேர்த்தேன் (மினிட் இங்கே கோண அளவு, நேரமில்லை). ஸ்கோப்பின் (துப்பாக்கியின் மேல் பூட்டிய குறிபார்க்கும் தொலைநோக்கி) குமிழைத் திருகி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்திச் சுட்டேன். இலக்குப் பலகை கீழே இறங்கியது. இலக்குக்குக் கீழே குழியில் இருப்பவர் குண்டு துளைத்த இடத்தில் அடையாள வில்லையைச் செருகினார். பலகை மறுபடி மேலே வந்தது. நடுவிலிருந்து ஓரடி இடது, எட்டு அங்குலம் கீழே.

இரண்டாவதும் அங்கேதான். மூன்றாவதும்.

காற்றுதான் என்று முடிவு கட்டினேன். எனக்கு ஊர் ஆரல்வாய்மொழி. கணவாய்க் காற்றில் வளர்ந்து, முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவன். காற்றைப் பற்றி எனக்கா தெரியாது என்ற மிதப்பு எப்போதும் கொஞ்சம் உண்டு. கொடிகளுக்கு எட்டாத ஒரு வலக்காற்று (வலப்பக்கமிருந்து வருவது) கீழே பள்ளத்தில் ஓடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வலப்பக்கம் ஒரு மினிட் வைத்து மீதியைச் சுட்டு முடித்தேன்.

பக்கத்துப் பாயில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என் குண்டுகளைத் தன் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தவர், துப்பாக்கியைப் பைக்குள் வைக்கும்போது சொன்னார்: "தம்பி, காத்து எண்டால் ஒருக்கா இஞ்சால தள்ளும், ஒருக்கா அங்கால தள்ளும். உமக்கு எல்லாம் ஒரே பக்கமெல்லோ போகுது? காத்து அவ்வளவு நேர்மையான ஆள் இல்லை. முதல்ல உம்மட கண்ணாடியைப் பாரும்." கண்ணாடி என்றது ஸ்கோப்பை.

அங்கிருந்து தொடங்கியது இந்த வேலை. முடிய ஆகஸ்ட் ஆகிவிட்டது.

முதலில் ஆயுதத்தைப் பற்றி இரண்டு வரி. நான் சுடுவது எஃப்-கிளாஸ் என்ற பிரிவில். கனடாக்காரர் ஜார்ஜ் ஃபார்குஹர்சன் தொடங்கி வைத்தது. அவர் பெயரின் முதலெழுத்துதான் அந்த எஃப். வயதாகிப் பார்வை மங்கியவர்களும் தொலைதூரப் போட்டியில் தொடரட்டும் என்று, ஸ்கோப்பும் துப்பாக்கிக்கு முட்டும் அனுமதித்தார்கள். அதற்குள் எஃப்.டி.ஆர். என்று ஓர் உட்பிரிவு: .308 வின்செஸ்டர் அல்லது .223 ரெமிங்டன் தோட்டா மட்டும். இருகால் தாங்கியும் ஸ்கோப்பும் சேர்த்து 8.25 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. என்னுடையது .308, 155 கிரெய்ன் எடையுள்ள குண்டு. 1000 கெஜத்தில் ஐந்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10 அங்குலம். அதற்குள் இருக்கும் வி-புல் என்ற உள்வட்டம் 5 அங்குலம்.

மினிட் என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. பஞ்சாங்கக்காரர்கள் கலை என்பார்களே, அதேதான். 100 கெஜத்தில் ஒரு மினிட் ஏறக்குறைய ஓர் அங்குலம் (சரியாகச் சொன்னால் 1.047), 1000 கெஜத்தில் பத்தரை. ஆக ஐந்தின் வட்டம் மொத்தமே ஒரு மினிட்தான். என் ஸ்கோப்பின் குமிழை ஒரு கிளிக் திருகினால் எட்டில் ஒரு மினிட். ஒரு முழுச் சுற்றுக்கு 10 மினிட். 100 கெஜத்தில் நேராக்கிய ரைஃபிளை 1000 கெஜத்துக்குக் கொண்டுபோக இந்தக் குண்டுக்குச் சுமார் 33 மினிட் ஏற்ற வேண்டும். மூன்று சுற்று, அதற்கு மேல் மூன்று மினிட்.

இங்கேதான் போன குளிர்காலத்தில் ஒரு சிக்கல் வந்தது. என் ஸ்கோப்புக்குள் மேலும் கீழுமாக மொத்தம் 60 மினிட்தான் இடம். ஸ்கோப்பைத் தாங்கும் தண்டு நேரானதாக இருந்ததால் பாதி கீழே வீணாகி, மேலே கைக்குக் கிடைத்தது 32. செப்டம்பர் வெயிலில் 31.5 போதுமானதாக இருந்தது. டிசம்பரில் குமிழ் முட்டி நின்றுவிட்டது. தீர்வு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: 20 மினிட் சாய்வு கொண்ட தண்டை ரைஃபிளின் மேல் பூட்டி, அதன்மேல் ஸ்கோப்பை வைப்பது. ஸ்கோப்பின் மூக்கு இயல்பாகவே கீழே சாய்ந்துவிடுவதால் மேலே 52 மினிட் கிடைக்கும். ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் சாய்தண்டைப் போட்டு, ஸ்கோப்பை அதன் குழாயைப் பிடிக்கும் வளையங்களில் மறுபடி இறுக்கி, அதே தண்டின் ஓரத்தில் ஒரு குட்டி ரசமட்டமும் வைத்துக் கொடுத்தார்கள். ரைஃபிளைச் சாய்க்காமல் பிடிக்க அந்த ரசமட்டத்தின் குமிழியைப் பார்த்துக்கொண்டே சுடுவேன். மார்ச்சில் நான் சுட்டது இந்த ஏற்பாட்டோடுதான்.

ஏப்ரல், 100 கெஜம்

அண்ணை பை நிறையப் பொருள்களோடு வந்தார். நான்கடிக் காகிதச் சுருள், கறுப்பு மார்க்கர், ஓர் எஃகு நாடா, அப்புறம் பித்தளைத் தூக்குக்குண்டு. கொத்தனார் கையில் இருப்பதை விடச் சிறியது, கூம்பு வடிவம், முனை ஊசி போல. வேலை பார்த்த காலத்தில் வாங்கியதாம்.

காகிதத்தைப் பலகையில் ஒட்டி, மேலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூல் ஆடி அடங்கும்வரை காத்திருந்து, நூலோடு சேர்த்து ஒரு செங்குத்துக் கோடு இழுத்தோம். கோட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு புள்ளி. சோதனை எளிது. குமிழ் பூஜ்யத்தில் இருக்கும்போது அந்தப் புள்ளியைப் பார்த்து மூன்று குண்டு. அப்புறம் சரியாக 30 மினிட் ஏற்றி, அதே புள்ளியைப் பார்த்து இன்னும் மூன்று. இரண்டாவது மூன்றும் 31.4 அங்குலம் மேலே, கோட்டின் மீதே விழ வேண்டும். இலக்கு வரைக்குமான தூரத்தையும் அண்ணை தானே அளந்தார். பலகையில் 100 என்று எழுதியிருப்பதை நம்ப அவர் தயாராக இல்லை.

சுடவே வேண்டியிருக்கவில்லை. ரசமட்டத்தின் குமிழியை நடுவில் நிறுத்திவிட்டு ஸ்கோப் வழியாகப் பார்த்தேன். காகிதத்தில் இழுத்த கோடும், ஸ்கோப்புக்குள் இருக்கும் குறுக்குக்கோட்டின் செங்குத்துக் கால்களும் ஒட்டவில்லை. நடுவில் சேர்ந்து, மேலே போகப் போகப் பிரிந்தன. பாதி மூடிய கத்தரி மாதிரி. ஸ்கோப்பின் தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. வெறும் மைதானத்தில், வட்டமான இலக்கில், இவ்வளவு சிறிய சாய்வு கண்ணில் படாது. பக்கத்தில் ஒரு நேர்கோடு இருந்தால்தான் தெரிகிறது.

ஆனாலும் சுட்டோம். எண் வேண்டுமே. மேலே 30¾ அங்குலம். இடப்பக்கம் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, 1.1.

முதலில் அந்த 1.1. 31 அங்குலம் ஏறும்போது 1.1 விலகினால் சாய்வு இரண்டு பாகை. 100 கெஜத்தில் பூஜ்யத்தில் சுடும்போது இது தெரியவே தெரியாது, ஏனென்றால் குமிழ் அங்கே அசையவில்லை. குமிழைத் திருகத் திருகத்தான் குண்டு சாய்ந்த ஏணியில் ஏறுகிறது. 33 மினிட் ஏறினால் 1.15 மினிட் இடது. 1000 கெஜத்தில் பன்னிரண்டு அங்குலம். மார்ச்சில் என்னைப் படுத்திய அந்த ஓரடி, அங்குலம் பிசகாமல்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரைஃபிள் சாய்வதை விட, குமிழ் எந்தத் திசையில் குறுக்குக்கோட்டை நகர்த்துகிறது என்பதுதான் முக்கியம். ஸ்கோப் செங்குத்தாக இருந்து ரைஃபிள் ஒரு பாகை சாய்ந்திருந்தால் பெரிய நட்டமில்லை. என்னுடையதில் நேர்மாறு. ரசமட்டம் ரைஃபிளோடு ஒத்துப்போனது. ஸ்கோப் அதனோடு ஒத்துப்போகவில்லை. நான் குமிழியை நம்பி, ஒவ்வொரு முறையும் கவனமாக, ஒழுங்காக, சாய்வாகச் சுட்டுக்கொண்டிருந்தேன். ரசமட்டமே இல்லாமல் இருந்திருந்தால் கண்ணாலேயே குறுக்குக்கோட்டை நேராக்கியிருப்பேனோ என்னவோ.

வீட்டு முன்னறை

ரைஃபிளைத் தோட்டத்தில் வைத்துப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை; அக்கம்பக்கத்தார் போலீசைக் கூப்பிடுவார்கள், கூப்பிடவும் வேண்டும். திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிட்டு, முன்னறை மேசையில்தான் வேலை.

வளையங்களின் மேல்மூடியைக் கழற்றுவதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிட்டது. மேல்மூடிக்கும் கீழ்ப்பாதிக்கும் இடையே இரண்டு பக்கமும் ஒரே அளவு இடுக்கு இருக்க வேண்டும். என்னுடையதில் ஒரு பக்கம் இடுக்கே இல்லை, மறுபக்கம் நகம் நுழைந்தது. ஒரு பக்கத் திருகை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் மூடி ஸ்கோப்பின் குழாயைப் பிடித்து உருட்டிவிடும். மேசையில் நேராக வைத்த ஸ்கோப் திருகு இறுகும்போதுதான் சாய்கிறது. கடைக்காரரைத் திட்டலாம் என்று பார்த்தால், என் முதல் முயற்சியில் நானும் அதையே செய்தேன்.

மூன்றாம் முறையில்தான் ஒழுங்காக அமைந்தது. ரைஃபிளைத் தாங்கியில் வைத்துத் தண்டின் மேல் ரசமட்டம் பார்த்து நேராக்கினேன். சுவரில் அண்ணையின் தூக்குக்குண்டு. ஸ்கோப்பின் ஒரு முனையில் டார்ச் வெளிச்சத்தை அடித்தால் மறுமுனை வழியாகக் குறுக்குக்கோட்டின் நிழல் சுவரில் விழும். கொஞ்சம் கலங்கலாகத்தான், ஆனால் நூலோடு சேர்க்க அது போதும். நிழல் நூலின்மேல் படிந்ததும் நான்கு திருகையும் விரலால் மட்டும் தொட்டு நிறுத்தி, அப்புறம் குறுக்காக மாற்றி மாற்றிக் கால்கால் திருப்பு. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் நிழலைப் பார்ப்பது, இடுக்கைப் பார்ப்பது. கடைசியாக முறுக்கு அளவு காட்டும் திருப்புளியால் 16 அங்குல-பவுண்டு. வளையத்தின் மேல்மூடிக்கு 15 முதல் 18 வரை போதும். அதற்கு மேல் போனால் குழாய் நசுங்கி, உள்ளே நகரும் பாகம் பிடிக்கத் தொடங்கும். கை பலத்துக்கு இறுக்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிவிடுகிறார்கள்.

திருகுத் தலையிலிருந்து வளையம் வரைக்கும் மனைவியின் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு கோடு. திருகு தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். அந்தப் புட்டி இப்போது துப்பாக்கிப் பெட்டியில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. வீட்டில் அதற்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ரசமட்டத்தைத் தண்டிலிருந்து கழற்றி ஸ்கோப்பின் குழாயிலேயே மாட்டி, நூலைப் பார்த்து நேராக்கினேன்.

அடுத்த வாரம் மறுபடி நான்கடிக் காகிதம். 30 மினிட் ஏற்றினால் இடப்பக்க விலகல் கால் அங்குலம்கூட இல்லை. ஆனால் உயரம் அதே 30¾தான்.

இது வேறு நோய். 31.4 போக வேண்டியது 30¾ போகிறது. நூற்றுக்கு இரண்டு குறைவு. என் ஸ்கோப்பின் கிளிக் சொல்கிற அளவை விடச் சின்னது, அவ்வளவுதான். விலை உயர்ந்ததிலும் இது கொஞ்சம் இருக்கும். ஒரே சீராக இருக்கிறவரை கவலையில்லை. நோட்டில் எழுதுவது குமிழ் காட்டும் எண் என்பதால் நோட்டு பொய் சொல்லாது. எனக்கு இதனால் வந்த தொல்லை குண்டின் பாதையைக் கணக்கிடும் கைபேசிச் செயலியில். குண்டின் வேகத்தை வேகமானியில் அளந்தபோது நொடிக்கு 2945 அடி. அதை உள்ளிட்டால் செயலி சொல்வதும் திடலில் நடப்பதும் 1000 கெஜத்தில் அரை மினிட்டுக்கு மேல் வேறுபட்டன. ஒத்துப்போவதற்காக 30 அடி குறைத்துச் செயலியை ஏமாற்றி வைத்திருந்தேன், இரண்டு வருடமாக. வேகமானி மட்டம் என்று பலரிடமும் சொல்லியிருக்கிறேன் வேறு. இப்போது செயலியில் ஸ்கோப் திருத்தம் என்ற இடத்தில் 0.98 போட்டு, வேகத்தைப் பழையபடி 2945 ஆக்கினேன். இரண்டும் ஒத்துப்போயின.

எட்டு அங்குலம் கீழே ஏன்?

ஓரடி இடதுக்குக் கணக்குத் தீர்ந்தது. எட்டு அங்குலம், அதாவது முக்கால் மினிட் தாழ்வு, மிச்சம் இருந்தது.

செப்டம்பரில் 24 டிகிரி, மார்ச்சில் 6. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, குண்டைக் கூடுதலாக இழுத்துப் பிடிக்கும். 18 டிகிரி வித்தியாசத்தில் அடர்த்தி ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு கூடும்; .308-க்கு 1000 கெஜத்தில் அது ஒன்றரை மினிட்டுக்குப் பக்கம். இதைத்தான் சேர்த்திருந்தேன். விட்டுப்போனது வெடிமருந்து. முந்தைய இரவு தோட்டாப் பெட்டி காரின் பின்னால் கிடந்தது, விடியற்காலையில் கண்ணாடியில் உறைபனி சுரண்டினேன். பல வெடிமருந்துகள் குளிரில் மெதுவாக எரியும். நொடிக்கு முப்பதடி வேகம் குறைந்தாலே 1000 கெஜத்தில் முக்கால் மினிட் போய்விடும். ஏப்ரல் நடுவில் ஒரு குளிர் காலை, பாதித் தோட்டாக்களைக் காரிலும் பாதியை வீட்டுக்குள்ளும் வைத்திருந்து, மாற்றி மாற்றி வேகமானி முன் சுட்டேன். காரில் கிடந்தவை 24 அடி பின்தங்கின. இப்போதெல்லாம் தோட்டாக்கள் ராத்திரி வீட்டுக்குள்ளே பாதுகாப்புப் பெட்டியிலேயே இருக்கின்றன. திடலில் வெயிலிலும் வைப்பதில்லை, சூடேறிய குழலுக்குள் ஏற்றி வைத்துக்கொண்டு காற்றுக்காகக் காத்திருப்பதும் இல்லை. அப்படி ஒரு நிமிடம் உள்ளே வெந்த தோட்டா உயரத்தில் தனியாகப் போய் விழும்.

காற்றழுத்தமும் உண்டு. இங்கிலாந்தில் அட்லாண்டிக் பக்கமிருந்து தாழ்வழுத்தம் வந்தால் 1030-லிருந்து 980 மில்லிபாருக்கு இறங்கும். அதுவும் நூற்றுக்கு ஐந்து. ஒரு மினிட்டுக்கு மேல் உயர்ந்துவிடும். நோட்டில் வெப்பத்தோடு அழுத்தத்தையும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஈரப்பதம் பற்றி மட்டும் கவலைப்படுவதை விட்டுவிட்டேன். ஈரக்காற்று கனமானது என்று ஊரில் எல்லாரும் நினைப்போம், நானும்தான். உண்மையில் நீராவி காற்றை விட இலேசானது, வித்தியாசமும் இங்கே கண்ணில் படாத அளவு.

ஜூன், கானல்

வெயில் வந்ததும் வேறு பிரச்சினை. 50 மடங்கு உருப்பெருக்கத்தில் இலக்கு பாயசம் போலக் கொதிக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய 50 மடங்கை விட மனசில்லாமல் ஒரு சனிக்கிழமை முழுக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன். 30-க்கு இறக்கியதும் வட்டத்துக்கு ஓரம் கிடைத்தது. அதில் ஒரு பங்கு கானல் திடலிலிருந்து வரவே இல்லை. பத்துப் பதினைந்து குண்டுக்குப் பிறகு என் குழலே சூடாகி ஸ்கோப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே ஆவி விட்டுக்கொண்டிருந்தது. குழலின் மேல் நீளவாக்கில் ஒரு துணிப்பட்டை இழுத்துக் கட்டினால் வெப்பம் பக்கவாட்டில் கலைந்துபோகும். மலிவான வேலை, பலன் பெரிது.

இடமாறு தோற்றத்தை (கண் நகர்ந்தால் குறுக்குக்கோடும் இலக்கின்மேல் நகர்வது போலத் தெரிவதை) திருத்தும் பக்கக் குமிழில் கெஜக்கணக்கு எழுதியிருப்பார்கள். அந்த எண்களைப் பார்த்து வைக்கக் கூடாது. முதலில் வெற்று வானத்தைப் பார்த்துக் கண்பக்கக் கண்ணாடியைக் குறுக்குக்கோடு கறுப்பாகத் தெரியும்வரை சரிசெய்ய வேண்டும். பிறகு ரைஃபிளைத் தொடாமல், தலையை மட்டும் மேலும் கீழும் மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். குறுக்குக்கோடு இலக்கின்மேல் நீந்தினால் சரியில்லை, ஒட்டிக்கொண்டால் சரி. என்னுடையதில் காலை எட்டு மணிக்கு ஒட்டிய இடமும் மதியம் ஒரு மணிக்கு ஒட்டிய இடமும் ஒரு கோடு தள்ளி இருந்தன. கானல் கிளம்பிய பிறகு எது ஒட்டுகிறது, எது நீந்துகிறது என்றே தெரியாது. அதனால் காலையிலேயே ஒரு முறை வைத்துவிடுகிறேன்.

ஜூலை, காற்று வந்தது

ஸ்கோப்பை நம்பலாம் என்ற நிலைக்கு வந்த பிறகுதான் காற்றோடு நேர்முகம். 800, 900, 1000 கெஜம், ஒவ்வொன்றிலும் பதினைந்து குண்டு.

800 கெஜத்தில் முதல் குண்டுக்கு இலக்கு அசையவே இல்லை. குழியிலிருந்து செய்தி வந்தது: பலகையில் துளை எதுவும் இல்லை. குமிழைப் பார்த்தேன். 2.5 என்ற கோடு நேராக நிற்கிறது, சரிதானே? வேண்டியது 22.5. நான் வைத்திருந்தது 12.5. ஒரு சுற்றைத் தவறவிட்டிருக்கிறேன். 10 மினிட், அந்தத் தூரத்தில் ஏழடி. குண்டு மண்மேட்டில் போய்ப் புதைந்திருந்தது. மாதக்கணக்கில் எட்டில் ஒரு மினிட்டைத் துரத்தியவன், பத்து மினிட்டை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். நல்லவேளை, அது சோதனைக் குண்டு. பக்கத்தில் அண்ணை வாயைத் திறக்கவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. இப்போது ஒவ்வொரு சுற்றையும் வாய்விட்டு எண்ணுகிறேன், பூஜ்யத்தில் முட்டி நிற்கும் தடையிலிருந்து தொடங்கி.

காற்றுக் கணக்கில் என் தோட்டாவுக்கு வசதியான ஒரு பொருத்தம் உண்டு: 1000 கெஜத்தில் நேர்பக்கத்திலிருந்து மணிக்கு ஒரு மைல் வீசினால் ஏறக்குறைய ஒரு மினிட். 800-இல் முக்காலுக்குச் சற்றுக் குறைவு. நேர்பக்கத்திலிருந்து இல்லாமல் சுடும் திசைக்கு 30 பாகை கோணத்தில் வந்தால் பாதி. 45 பாகையில் பத்தில் ஏழு. இதில் எல்லாரையும் ஏமாற்றுவது முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் காற்று. எட்டு மைல் பின்காற்று ஒன்றும் செய்யாது என்று தோன்றும். அது மீன்வால் போல இந்தப் பக்கம் 30 பாகை, அந்தப் பக்கம் 30 பாகை ஆடினால், நான்கு மினிட் வலதிலிருந்து நான்கு மினிட் இடதுக்குப் போகிறது. 1000 கெஜத்தில் ஏழடி. கொடி அதே விறைப்போடு பறந்துகொண்டிருக்கும். அதன் முனை எந்தப் பக்கம் நீட்டுகிறது என்பது மட்டும் மாறியிருக்கும்.

பிஸ்லி முறையில் ஒரு பலகைக்கு இரண்டு மூன்று பேர் மாறி மாறிச் சுடுவோம்; நம் முறை வந்தால் 45 நொடி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் குமிழைத் திருகினால் எண்ணிக்கை தப்பும். அதனால் அதிக நேரம் வீசும் காற்றுக்குக் குமிழில் வைத்துவிட்டு, இடையிடையே வரும் மாற்றங்களுக்குக் குறுக்குக்கோட்டின் கோடுகளைக் கொண்டு தள்ளிப் பிடிக்கிறேன். தொலைநோக்கியை இலக்குக்குக் கொஞ்சம் முன்னால் குவித்து வைத்தால் கானலே காற்றைக் காட்டும்: மெல்லிய காற்றில் அலை சாய்ந்து ஓடும், பக்கக்காற்று நின்றுவிட்டால் நேராக மேலே கொதிக்கும். கொதித்தால் கையை எடுத்துவிடுவேன். ஏனென்றால் அடுத்து எந்தப் பக்கம் புரளும் என்று தெரியாது. பலமான காற்றில் அலையெல்லாம் தட்டையாகிவிடும், அப்போது கொடிகள்தான் கதி.

இதெல்லாம் போக, காற்றே இல்லாத அன்றும் 1000 கெஜத்தில் இடப்பக்கம் முக்கால் மினிட் வைக்க வேண்டும். குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள்வரி வலஞ்சுழி. சுழலும் குண்டு தானாகவே வலப்பக்கம் ஒதுங்கும்.

அன்று 1000 கெஜத்தில் காற்று இரண்டு மூன்று குண்டுக்கு ஒரு முறை வலமும் இடமும் மாறிக்கொண்டிருந்தது. 75-க்கு 68. என் தரத்துக்கு மோசமில்லை. ஆனால் வீட்டில் கட்டத்தாளில் புள்ளிகளைக் குறித்தபோது வயிற்றைக் கலக்கியது. புள்ளிகள் கலைந்து கிடக்கவில்லை. மேல்-இடது மூலையிலிருந்து கீழ்-வலது மூலைக்கு ஒரு சாய்ந்த வரிசை. வலக்காற்றில் சுட்டவை நடுக்கோட்டுக்கு மேலே, இடக்காற்றில் சுட்டவை கீழே, இரண்டுக்கும் நடுவே சுமார் மூன்று அங்குலம்.

மறுபடி ஸ்கோப் சாய்ந்துவிட்டது என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பேன்? திரைச்சீலையை மூடி, தூக்குக்குண்டு, டார்ச், எல்லாம் வெளியே வந்தன. நிழல் நூலின்மேல் படிந்திருந்தது. நகப்பூச்சுக் கோடுகள் நான்கும் உடையாமல் இருந்தன. ஆகஸ்ட் முதல் வாரம் மறுபடி 100 கெஜம், மறுபடி நான்கடிக் காகிதம்: 30 மினிட்டுக்கு 30¾, பக்க விலகல் இல்லை. ஒரு பெட்டித் தோட்டா தீர்ந்தது.

கட்டத்தாளை அண்ணையிடம் நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மேல போன எல்லாம் வலப்பக்கக் காத்தில அடிச்சதோ?"

ஆமாம் என்றேன்.

"இந்த முறை உம்மட கண்ணாடி சரி, தம்பி. இது காத்துதான்."

வலஞ்சுழியாகச் சுழலும் குண்டின்மேல் பக்கக்காற்று படும்போது, குழலை விட்டு வெளியேறிய அந்த முதல் கணத்திலேயே குண்டு மேலோ கீழோ சற்றுத் திரும்பிக் கிளம்பும். வலக்காற்று என்றால் மேலே, இடக்காற்று என்றால் கீழே. பத்து மைல் காற்றுக்கு மூன்றில் ஒரு மினிட் அளவு. காற்று எப்போதும் ஒரே பக்கமிருந்து வந்தால் இது தெரியவே தெரியாது, உயரக் கணக்கில் கரைந்துவிடும். அன்றைக்குப் போலப் புரண்டு புரண்டு வீசினால்தான் வரிசை சாய்கிறது.

நோட்டில் காற்றுக் கட்டத்துக்குப் பக்கத்தில் இப்போது ஒரு சிறிய கட்டம் கூடுதலாகப் போட்டிருக்கிறேன். வலது நான்கு மைல்: ஒரு கிளிக் கீழே. இடது நான்கு மைல்: ஒரு கிளிக் மேலே. தூக்குக்குண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அண்ணை இரண்டு முறை கேட்டுவிட்டார்.